உங்கள் பெயர் வெட்டிய டப்பா

அத்தை,

உங்கள் டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உள்ளங்கையளவு எவர்சில்வர் டப்பா. மூடியில் உங்கள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்குத் தாராபுரத்தில் எடுத்த சீர்ப் பாத்திரங்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சமையலறை முழுக்கப் புளி வாசம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையிலும் இதே வாசம் அடித்தது. இதே இடத்தில் நின்று இதே டப்பாவை நீங்கள் மூன்று தடவை தேய்த்தீர்கள். வழக்கமாகப் பாத்திரம் தேய்க்கும்போது யாரையாவது திட்டிக்கொண்டே தேய்ப்பீர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் சுத்தம்தான் தெரிந்த கதையாயிற்றே என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

பாப்பா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். உங்கள் மகன் பட்டறையில் இருக்கிறார். மாமா பேங்குக்குப் போயிருக்கிறார். மூன்றரை மணிக்கு வேன் வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அப்போது எழுதியிருந்தால் அழுதுகொண்டே எழுதியிருப்பேன். இப்போது எரிச்சலோடு எழுதுகிறேன். எரிச்சலோடு பேசுவதுதான் நமக்குள் பழக்கம், இல்லையா? பழகியதே அப்படித்தானே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் கையைப் பிடித்து வாங்கிய சத்தியத்தை நான் உடைத்துப்போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை.

நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கல்யாண மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாம் ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை, பிரஷர், கண் எல்லாம் இலவசமாகப் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் கொடுத்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய் ஏதாவது ஆரம்பித்திருக்கிறதா என்று, உடம்புக்கு ஒன்றும் தெரியாதபோதே பார்க்கிற சோதனை. ஊசி கிடையாது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியது கிடையாது. வீட்டிலேயே மலத்தைக் கொஞ்சூண்டு குச்சியால் தொட்டு, மருந்துத் தண்ணீர் இருக்கும் சின்னக் குழாயில் போட்டுத் திருகி மூடி, கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நீங்களும் மாமாவும் கண்ணை மட்டும் காட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள். வரிசையில் நின்று ஆளுக்கொரு கவர் வாங்கியது நான்தான். உங்களைக் கையைப் பிடித்து உள்ளே திரும்பக் கூட்டி வந்ததும் நான்தான்.

"நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கு அம்மணி இதெல்லாம்?"

"நல்லா இருக்கறப்பவே பாக்கறதுதானுங்க அத்தை இது."

"பாத்தா ஏதாச்சும் இருக்கும். பாக்காட்டி ஒண்ணும் இருக்காது. நீ பேசாம வா."

மேசையில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் காகிதத்தை விரித்து, குச்சியைக் காட்டி, எல்லாம் விளக்கினாள். நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். அது வெறும் காகிதம், அத்தை!

"ஏனுங்க சாமி, இத நாங்களே எடுக்கோணுமா?" என்று அவளிடம் கேட்டீர்கள்.

"ஆமாங்க பாட்டிம்மா. கையில படாதுங்க, குச்சியிலதான்."

வீடு வந்து சேரும்வரை, "பாட்டிம்மாவாம், பாட்டிம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். அறுபத்திரண்டு வயதில் உங்களுக்கு அதுதான் பெரிய வெசனமாக இருந்தது.

நான் பயோடெக் படித்தவள். இந்த வீட்டில் அந்தப் படிப்பு பயன்பட்ட ஒரே நாள் அது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு குழாயிலும் பெயர், வயது, தேதி எல்லாம் மார்க்கரில் என் கையால் எழுதினேன். உங்களுடையதில் உங்கள் பெயர். மாமாவுடையதில் மாமா பெயர். எப்படி எடுப்பது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு எழுதிக் கக்கூஸ் கதவில் ஒட்டினேன். சாயங்காலம் உங்கள் தங்கச்சி வீட்டு ஒறம்பரை விருந்துக்கு வருகிறார்கள் என்று அதைக் கிழித்து எறிந்தீர்கள்.

மாமா கதை தனி. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர் குளிக்கத் தண்ணீர் தானாக விளாவிக்கொண்டதில்லை. துண்டு நீங்கள் கொடுக்க வேண்டும், மாத்திரை நீங்கள் உரித்துத் தர வேண்டும். "நான் போயிட்டு வந்தர்றேன். மத்தத அவ பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நீங்கள் விரித்து வைத்திருந்த காகிதத்தில் காரியத்தை முடித்தார். வெளியே வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். இரண்டு குழாயையும் எடுத்துக்கொண்டு நீங்கள் உள்ளே போய்த் தாழ் போட்டீர்கள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தீர்கள்.

"ரெண்டும் ஆச்சு அம்மணி."

"உங்களுதுமாங்க அத்தை?"

"ஆச்சு, ஆச்சு. காலங்காத்தால அதையவே பேசீட்டு."

அடுத்து ஃபிரிட்ஜ் சண்டை. மறுநாள் கொடுக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும் என்றேன். "மாவு வெக்கற எடத்துல பீய வெக்கச் சொல்றா, படிச்ச புள்ள!" என்று வீடே அதிரக் கத்தினீர்கள். கடைசியில் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். குழாய்களை அவர்கள் கொடுத்த பையில் போட்டு, பையை இந்த டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மஞ்சப்பையில் சுற்றி, ஃபிரிட்ஜ் கதவில் எலுமிச்சம்பழம் இருந்த இடத்தைக் காலி செய்து வைத்தீர்கள். நகையை லாக்கரில் வைக்கும்போதுகூட நீங்கள் அவ்வளவு பார்த்ததில்லை.

மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். டப்பாவை மூன்று தடவை தேய்த்தீர்கள். நாலாம் நாள் என் ஃபோனுக்கு இரண்டு மெசேஜ் வந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிளறிப் போட்டீர்கள். உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளவில்லை. "சக்கரை ஏறிக்கும்" என்றீர்கள். உங்களுக்குச் சர்க்கரையே கிடையாதே என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஆடியில் மருதமலைப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "வயசாச்சல்ல" என்றீர்கள். புரட்டாசியில் ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. "விரதமிருந்தேன்" என்றீர்கள். எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தீர்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி. கார்த்திகையில் குளியலறையில் மயங்கி விழுந்தபோதுதான் பதில் தீர்ந்துபோனது. ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். குடலில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது.

டாக்டர் எங்களைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி ஸ்கிரீனிங் ஏதாச்சும் பண்ணீருக்கீங்களா?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமையாக ஃபோனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன். பத்து மாதத்துக்கு முன்னால்தான் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றுதான் வந்தது என்றேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "சில சமயம் தவறும்மா. அன்னைக்குக் கசிவு இல்லாம இருந்திருக்கலாம்" என்றார். ஆனால் அவர் முகத்தில் ஒரு யோசனை இருந்தது. நீங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அன்று மத்தியானம் மாமா உங்களுக்கு இளநீர் வாங்கப் போனார். அவர் லிஃப்டில் இறங்கும் சத்தம் அடங்கியபின் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"கண்ணு, கதவச் சாத்து."

சாத்தினேன்.

"அன்னைக்கு அந்த டியூப்புல போனது என்னுது இல்ல."

எனக்குப் புரியவே இல்லை. "எந்த டியூப்புங்க அத்தை?"

"ரெண்டுலயும் மாமாளுதத்தான் போட்டேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதற்கு, எதற்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஒரே ஊட்டுல, ஒரே சட்டிச் சோறுதானே திங்கறோம் கண்ணு. அவருக்கு ஒண்ணும் இல்லீன்னா எனக்கு மட்டும் என்ன வந்துரப் போவுது? எப்படியும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை! அதுக்கும் சோத்துக்கும் என்ன..."

"அது மட்டும் இல்ல." குரல் இறங்கிவிட்டது. "என்னுதுல ரத்தம் இருந்துச்சு. ஒரு மாசமாவே இருந்துச்சு. மூலம்னு நெனச்சேன். ரத்தத்தோட அத எப்படிக் கொண்டுபோய் அந்தச் சின்னப் புள்ள கையில குடுக்கறது? என்ன நெனப்பா? கருமம்."

அத்தை, இதை நான் எத்தனை தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. குழம்பு தாளிக்கும்போது, பாப்பாவுக்குத் தலை வாரும்போது, சிக்னலில் ஸ்கூட்டி நிற்கும்போது. ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனையே! ரத்தம் இருந்தது என்பதற்காக அதைக் கொடுக்காமல் விட்டவர் இந்தக் கோயமுத்தூரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கண்ணுக்கே தெரிகிற மாதிரி ரத்தம் போனால் குழாயும் குச்சியும்கூட வேண்டாம், நேராக டாக்டரிடம் போக வேண்டியதுதான். அதை நான் அந்தக் காகிதத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். கக்கூஸ் கதவில். நீங்கள் கிழித்தீர்களே, அதில்.

ஒரு வார்த்தை. "அம்மணி, இப்படி இருக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை. மாதவிலக்குத் தள்ளிப்போன நாளிலிருந்து பிரசவ வலி வரைக்கும் என் உடம்பைப் பற்றி என்னென்ன கேட்டிருப்பீர்கள்! பாப்பா ஒருநாள் வெளிக்குப் போகாவிட்டால் எனக்கு முன்னால் நீங்கள் விளக்கெண்ணெயோடு வந்து நிற்பீர்கள். அவள் டயபரைத் திறந்து நிறம் பார்த்து, "பல்லு மொளைக்குது" என்று சொன்ன ஆள் நீங்கள். உங்களுடையதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அப்புறம்தான் சத்தியம்.

"மாமாகிட்டச் சொல்லிப்போடாத. என்ற பையங்கிட்டயும் சொல்லிப்போடாத. என்ற கையில அடிச்சுச் சொல்லு."

ஊசி குத்திக் கறுத்த கை. அதில் எப்படி அடிப்பது? மெதுவாக வைத்தேன். சத்தியம் ஆகிவிட்டது. மாமா இளநீரோடு வந்தார். "என்ன, மாமியாளும் மருமவளும் ரகசியம் பேசறாப்ல இருக்குது?" என்றார். "உங்களப் பத்தித்தான், குத்தம் சொல்லீட்டு இருந்தோமுங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். இரண்டு வாய் குடித்தீர்கள்.

எட்டு மாதம் இருந்தீர்கள். அதைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை.

நீங்கள் போனபின் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமா ஒரே கதையைச் சொன்னார். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தமுங்க. ஒண்ணும் இல்லீன்னுதானுங்க வந்துச்சு. பாத்தா இப்படி ஆயிப்போச்சு." வந்தவர்கள் தலையாட்டினார்கள். "இந்த டெஸ்ட்டெல்லாமே ஏமாத்து வேலைங்க" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் பண்ணும் சித்தப்பாவுக்கும் யாரோ அதே மாதிரிக் கவர் கொடுத்திருந்தார்களாம். "அண்ணிக்கே அது கண்டுபுடிக்கல. நான் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்" என்றார். நான் காப்பித் தட்டோடு அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கும் அறுபது வயது. அவருக்கும் ரத்தமும் குடலும் இருக்கிறது. உங்கள் மானத்தைக் காப்பாற்ற நான் அவர் உயிரோடு விளையாடுகிறேனோ என்று அன்றைக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயம் எனக்குப் புதிதில்லை, உங்களுக்குத் தெரியும். பாப்பா இருமினால் நெஞ்சு சளிவரைக்கும் போய்விடுவேன். ஆனால் இது அப்படி இல்லை. டாக்டர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வந்ததால் மகன் நாற்பது வயதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகனுக்குக் கார்த்திகையில் நாற்பது முடிந்தது. மாமாவுக்கும் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு கவர் வாங்கி வந்தேன். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். மூன்று வாரம் அப்படியே இருந்தது. அதன்மேல் தூசி, தூசிமேல் பட்டறைச் சாவி, சாவிமேல் கரண்ட் பில்.

"ஏனுங்க, நாளைக்காச்சும் எடுத்துருங்க."

"ஆர்டர் இருக்குது."

"அதுக்கும் ஆர்டருக்கும் என்னங்க சம்பந்தம்? தினமும் போறீங்கதானே?"

"அம்மாளுக்கு எடுத்தமே. என்னத்தக் கண்டுச்சு அது?"

ஒவ்வொரு தடவையும், "அப்போ ஏதோ தவறிருச்சுங்க" என்பேன். "தவறும்னா எதுக்கு எடுக்கறது?" என்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. பதில் என்னிடம் இருந்தது. அதன்மேல் உங்கள் கை இருந்தது.

அவர் உள்ளே கொஞ்சம் நேரம் அதிகமாக இருந்தால் நான் வெளியே நின்று கதவைத் தட்டுவேன். "ஏனுங்க, ஒண்ணும் இல்லீங்களே?" என்பேன். "அட, நிம்மதியா இருக்க உடு அம்மணி!" என்று உள்ளிருந்து கத்துவார். பாப்பா என் பின்னால் நின்று, "அம்மா, அப்பா உள்ள அழுவறாங்களா?" என்று கேட்பாள். எங்கள் காலைப்பொழுது இந்த லட்சணத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் ஒருநாள், பாப்பாவுக்குத் தின்பண்டம் போட டப்பா கிடைக்கவில்லை. பரண் ஓரத்தில் இது இருந்திருக்கிறது. மாமா எடுத்து, முறுக்கைப் போட்டு, அவள் பையில் வைத்துவிட்டார். அவள் வேனில் ஏறும்போது, "அம்மா, ஆத்தா டப்பாவுல முறுக்கு!" என்று கையாட்டினாள்.

நான் ஓடினேன், அத்தை. நைட்டியோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு, வேனுக்குப் பின்னால் திருப்பம் வரைக்கும் ஓடினேன். டிரைவர் பயந்து நிறுத்தினார். டப்பாவைப் பிடுங்கினேன். முறுக்கைக் கைக்குட்டையில் கொட்டிக் கட்டிக் கொடுத்தேன். பாப்பா வீறிட்டு அழுதாள். வேன் அக்கா, "ஏனுங்க, தங்க டப்பாவா?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றைக்குக் குழாய் வைத்த பை மூடித்தான் இருந்தது, டப்பாவில் ஒன்றும் பட்டிருக்காது, பட்டிருந்தாலும் மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தாயிற்று. படித்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஓடினேன்.

திரும்பி வந்தால் வாசலில் உங்கள் மகன் நிற்கிறார். பின்னால் மாமா.

"அம்மா டப்பாவ எதுக்குப் புள்ளைகிட்டப் புடுங்கற?" என்றார் உங்கள் மகன். முகம் சிவந்திருந்தது. "அவங்க போயும் உனக்கு மாமியா மருமவ ஓரியாட்டம் தீரலயா?"

அது எனக்குப் பொறுக்கவில்லை. வாசலிலேயே சொல்லிவிட்டேன். முகாம், காகிதம், தாழ், இரண்டு குழாய், கதவைச் சாத்தச் சொன்னது, எல்லாம். நான் முடித்தபோது மாமா செருப்பு விடும் இடத்தில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருசமா வெச்சிருந்தியா இத?" என்று கேட்டார் உங்கள் மகன்.

"உங்கம்மா கையில அடிச்சுச் சொல்லச் சொன்னாங்க."

"சொல்லீருந்தா..."

"சொல்லீருந்தா என்னங்க? அப்போ முடிஞ்சுபோச்சு. இப்போ முடியல. அதுக்குத்தான் சொல்றேன். உங்க பட்டறையில ஒரு பீஸ அளந்துபோட்டு, பக்கத்துல இருக்கறதுக்கும் சேத்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா? ஒட்டுனா அந்த மெஷினுமேல குத்தம் சொல்லுவீங்களா?"

மாமாதான் பேசினார். படியைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ ரெண்டும் என்னுதா அம்மணி?"

"ஆமாங்க மாமா."

"எனக்குத்தான் ரெண்டு தடவ ஒண்ணும் இல்லீன்னு வந்துச்சாக்கும்."

செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டே அவரே, "போயிட்டு நாம்பாட்டுக்கு வெளிய வந்துட்டேன். எப்பவும் போல. அவ என்ன பண்றான்னு ஒருக்கா எட்டிப் பாத்திருக்கோணும்" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. இதைத்தான் பார்க்கக்கூடாது என்று நீங்கள் பயந்தீர்கள். நீங்கள் பயந்தது சரிதான், அத்தை. ஆனாலும் சொன்னதும் சரிதான். இரண்டும் சரியாக இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அன்று மத்தியானம் வரை பட்டறையில் லேத் ஓடும் சத்தம் கேட்கவில்லை. சாப்பிட வந்த உங்கள் மகன் கையைக் கழுவிவிட்டு ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு கவரை எடுத்தார். தூசியை ஊதினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது மெஷினுக்கு வந்த புத்தகம் மாதிரி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தார்.

மறுநாள் காலை மாமா முதலில் போனார். மூக்குக் கண்ணாடி, டார்ச் லைட், குழாய், எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டார்.

"மாமா, ஏதாச்சும் வேணுமாங்க?"

"ஒண்ணும் வேண்டாம். நீ அக்கட்டால போ அம்மணி."

ஐந்து நிமிடத்தில், "அட கெரகமே!" என்று ஒரு சத்தம். குழாயில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டியை விரட்டி இன்னொரு குழாய் வாங்கி வந்தேன். அடுத்த நாள் மறுபடி உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயதில், தன் காரியத்தைத் தானே முடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். துண்டைத் தானே தேடி எடுத்துத் துடைத்தார். நீங்கள் பார்த்திருந்தால், "நாப்பது வருசம் தெரியாத துண்டு இப்போ எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் பதிலாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அதே நாள் உங்கள் மகனும் எடுத்தார். உள்ளிருந்து, "குச்சிய எத்தன எடத்துல தொடோணும்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "நாலஞ்சு எடத்துல!" என்று நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. உங்கள் குடும்ப மானம் அன்றைக்குக் காற்றில் பறந்தது.

குழாயை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"உங்களுதுதானுங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். "என்னுதுதான், தாயே. வேணும்னா கையில அடிச்சுச் சொல்றேன்."

"இந்த ஊட்டுல கையில அடிச்சதெல்லாம் போதுமுங்க."

ஹாலில் இருந்து மாமா குரல் கொடுத்தார். "என்னுதும் என்னுதுதான் அம்மணி. எழுதிக்கோ."

சிரித்தோம். நீங்கள் போனபின் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஃபிரிட்ஜ் கதவில் எலுமிச்சம்பழத்தை நகர்த்தி, உங்கள் டப்பாவில்தான் வைத்தேன். நேற்றுக் காலை அதிலேயே கொண்டுபோனேன். கவுன்டரில் டப்பாவோடு நீட்டினேன். அங்கே இருந்த பெண் மூடியைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "இவங்களுதுங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள்.

"இல்லீங்க. அது டப்பாக்காரங்க பேருங்க. டியூப்புல எழுதியிருக்கறதுதான் ஆளுங்க பேரு. அவங்க குடுக்கலீங்க."

அவள் குழாய்களைப் பார்த்து இரண்டு பெயரையும் சரியாகப் பதிந்துகொண்டாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, பாவம், அவளுக்கென்ன தெரியும், நல்லவிதமாகத்தான் சொன்னாள்:

"அவங்களையும் குடுக்கச் சொல்லுங்க அக்கா. பெரியவங்க கூச்சப்படுவாங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்."

"சரிங்க" என்றேன்.

ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும். ஃபோனை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறேன் என்று கேட்காதீர்கள். ஏதாவது இருக்கிறது என்று வந்தால் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் உங்கள் மகன் ஆர்டர் இருக்கிறது என்பார், அதற்கும் நான் சண்டை போட வேண்டும். போடுவேன். ஒன்றுமில்லை என்று வந்தாலும் அடுத்த தடவைக்கு மறுபடி இழுக்க வேண்டும். இழுப்பேன். பயம் போகவில்லை, அத்தை. ஆனால் இந்தத் தடவை என்ன வந்தாலும் அது அவரவருடையதாகத்தான் வரும்.

இன்று காலையில் மேட்டுப்பாளையம் சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். "அத்தையோட டெஸ்ட் தவறலீங்க சித்தப்பா. அத்தை குடுக்கவே இல்லீங்க" என்றேன். விவரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்தக் கவரு இன்னொண்ணு கெடைக்குமா கண்ணு?" என்று கேட்டார். வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்து உங்கள் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும். அவருக்கும் உங்கள் சுபாவம்தான், நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

எந்த மானத்துக்காக அந்தத் தாழைப் போட்டீர்களோ, அந்த மானத்தை நான் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். நானும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆளுக்கு ஆள் சரியாகப் போயிற்று.

டப்பா காய்ந்துவிட்டது. நாளைக்கு இதில் பாப்பாவுக்கு முறுக்குப் போட்டு அனுப்பப் போகிறேன். வேனுக்குப் பின்னால் ஓட மாட்டேன்.